ஏழு வேளைக் கணக்கு

பேராவூரணியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, மாப்பிள்ளை, நாலாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் மூவரும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார்கள். ஞாயிறு இரவு பத்து மணிக்குத் திரும்பும் பஸ். அந்த வாரம் பார்த்து எங்கள் வீட்டுச் சமையலறையில் தரை பெயர்த்துக் கிடந்தது. அடுப்பு ஹாலுக்கு வந்துவிட்டது, அதிலும் பால் காய்ச்சுவதோடு சரி. ஆக, ஏழு வேளையும் வெளியில்தான்.

"எங்களுக்குச் சேலமே பெரிய பட்டணம் மச்சான். எங்க சாப்பிடறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. எனக்கு எங்கே தெரியும்? உள்ளூர்க்காரனைப் போல ஓட்டல் தெரியாதவன் கிடையாது. பதினைந்து வருடமாக நான் போவது மூன்றே கடை, அதில் இரண்டு டீக்கடை.

மருமகள் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் நூற்றுக்கு எத்தனை என்று மார்க் போடப் போகிறாளாம். முதல் ராத்திரி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டா. குருமாவில் உப்பு தூக்கல் என்று எழுதி 55 போட்டாள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை கேட்டார்: "அதே கடைக்கே போயிரலாமா, வேற பாக்கலாமா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் இதே கேள்வியை 1970களில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஓர் உணவகத்தில் நண்பர் ரால்ஃப் லெய்டனோடு உட்கார்ந்திருந்தபோது கணக்காக மாற்றிப் பார்த்தார். பிடித்த பதார்த்தத்தையே மறுபடியும் சொல்வதா, பட்டியலில் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்வதா என்பது அவர்கள் பேச்சு. தெரிந்ததில் நின்றால் ஏமாற்றம் இல்லை. தெரியாததில் கை வைத்தால் ஒருவேளை அதைவிட நல்லது சிக்கலாம், சிக்கினால் மிச்சமுள்ள ஒவ்வொரு வேளைக்கும் அதன் பலன் உண்டு. இந்த 'மிச்சமுள்ள ஒவ்வொரு வேளைக்கும்' என்பதில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

ஊரிலுள்ள கடைகளின் தரம் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரே சீராகப் பரவிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு புதுக் கடைக்குள் நுழைந்தால் சராசரியாக 50 மார்க் சாப்பாடு கிடைக்கும். இப்போது உங்களுக்கு நாலு வேளை பாக்கி, கையில் 66.7 மார்க் கடை ஒன்று இருக்கிறது. நாலு வேளையும் அங்கேயே தின்றால் மொத்தம் ஏறக்குறைய 267. மாறாக ஒரு வேளை புதுக் கடையில் இறங்கினால், அந்த வேளைக்கு எதிர்பார்ப்பு 50. அந்தக் கடை பழையதைவிட மோசமாக இருக்க மூன்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு. அப்படியானால் பழைய கடைக்கே திரும்பிவிடலாம். மேலானதாக இருக்க மூன்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு. அப்போது அதன் சராசரி 83.3. இரண்டையும் சேர்த்தால் மீதி மூன்று வேளைக்கும் தலா 72.2. மூன்று 72.2 கூட்டல் 50, அதே 267. தராசு இரண்டு பக்கமும் சமம்! 67தான் கோடு. அதற்குக் கீழே என்றால் புதுசு தேடு, மேலே என்றால் அங்கேயே நில்.

நாலு வேளைக்குப் பதில் எத்தனை வேளை என்றாலும் விடை ஒரே அச்சில் வருகிறது. மிச்சமுள்ள வேளைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அதை, அதோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒன்பது வேளை பாக்கி என்றால் மூன்றை நாலால் வகுத்து 75. ஆறு வேளைக்கு 71, ஐந்துக்கு 69, நாலுக்கு 67, மூன்றுக்கு 63, இரண்டுக்கு 59. கடைசி வேளைக்கு வெறும் 50. பயணம் தேயத் தேய நம் ராங்கித்தனமும் தேய வேண்டும் என்கிறது கணக்கு. நாம் செய்வதோ நேர் எதிர். வந்த முதல் நாள் பயந்துபோய் தங்கும் விடுதிக்குக் கீழேயே சாப்பிடுகிறோம். ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குத்தான் "எதாச்சும் புதுசா டிரை பண்ணுவோம்" என்ற ஞானம் பிறக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறு வேளை பாக்கி, கோடு 71, கையில் 55. தேடு என்று அர்த்தம்.

எங்கே தேடுவது? மாப்பிள்ளை போனை எடுத்தார். செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு டிபன் கடைகள். ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்து ஸ்டார், மார்க் போட்டவர்கள் நாலே பேர். இன்னொன்றுக்கு 4.3, போட்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். ஐந்துதானே பெரிது என்றார். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் இதற்கு ஒரு கைவைத்தியம் விட்டுப் போயிருக்கிறார். நல்லது என்றவர்களோடு கற்பனையாக ஒருவரைக் கூட்டு, மொத்தத்தில் இரண்டு பேரைக் கூட்டு, பிறகு வகு. நாலுக்கு நாலு பேர் நல்லது என்ற கடைக்கு ஆறில் ஐந்து, அதாவது 83 சதவீதம். இரண்டாயிரம் பேர் கூட வேண்டாம், நூறு பேரில் 88 பேர் நல்லது என்ற கடைக்கே 102இல் 89, அதாவது 87 சதவீதம். கற்பனை ஆட்கள் இரண்டு பேர் நுழைந்ததும் நாலு பேர் புகழ் ஆட்டம் கண்டுவிடுகிறது, கூட்டத்தின் தீர்ப்பு அவ்வளவாக அசையவில்லை. அந்த நாலில் ஒருவர் முதலாளியின் மைத்துனராக இருக்கலாம் என்பதை லாப்லாஸ் கணக்கில் சேர்க்கவில்லை. நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரம் பேர் கடைக்கே போனோம். வெண்பொங்கல், மெதுவடை. 66 போட்டாள்.

பிறகு ஏற்காடு. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினாலாவதில் அந்தப் பொங்கல் ரோட்டோரம் வெளியே வந்துவிட்டது. மார்க்கை மட்டும் அவள் குறைக்கவில்லை, நியாயமான பிள்ளை. மத்தியானம் ஏரி தெரிகிற மாதிரி மேஜை போட்டிருந்த ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். மெனு கார்டைத் திருப்பித் திருப்பி எண்ணினாள், 160 அயிட்டம். முக்கால் மணி நேரம் கழித்து வந்த பிரைட் ரைஸ் நடுவில் சில்லென்று இருந்தது. தங்கை தட்டைத் தள்ளிவிட்டு ஏரியைப் பார்த்தாள். நோட்டில் 35. பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஓட்டல் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அது அப்படி இருப்பதற்குக் காரணம் சமையல்காரரைத் தாண்டியது.

நூறு ஓட்டல்கள் திறக்கப்படுவதாக நினையுங்கள். பாதியில் சாப்பாடு நல்லது, பாதிக்கு இடம் நல்லது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே இரண்டும் நல்லது 25, சாப்பாடு மட்டும் நல்லது 25, இடம் மட்டும் நல்லது 25, இரண்டும் கெட்டது 25. கடைசி 25 ஆறு மாதத்தில் ஷட்டரை இழுத்துவிடும். மிஞ்சிய 75ஐப் பாருங்கள். நல்ல இடத்தில் இருக்கும் 50இல் சாப்பாடு நல்லது பாதிதான். வண்டி நிறுத்தக்கூட வழியில்லாத சந்தில் இருக்கும் 25இலும் சாப்பாடு நல்லது, அத்தனையிலும்! இல்லாவிட்டால் அந்தச் சந்தில் அது உயிரோடு இருந்திருக்காது. ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு குணங்கள், மூடிப்போனவை கண்ணிலிருந்து மறைந்ததும், ஒன்று இருந்தால் மற்றது இருக்காது போலத் தோன்ற ஆரம்பிக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளிடம் இதே மாயத்தை 1946இல் ஜோசப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் எடுத்துக்காட்டினார். வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை விட்டுவிட்டு எண்ணினால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நோய்களுக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியும். அவர் பெயரால் இன்றும் அதை பெர்க்சன் பிழை என்கிறார்கள்.

ஏரிக்கரையில் நல்ல சாப்பாடே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. அங்கே ஏரி வாடகையில் பாதியைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு முகம் சுளித்துப் போகிறவர் நாளைக்கு வரப்போவதில்லை, அது முதலாளிக்கும் தெரியும். மே மாதக் கோடை விழா சமயத்தில் மேஜைக்கு ஆள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

அந்த 160 அயிட்டத்துக்கு வருகிறேன். 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த விதி ஒன்று உண்டு. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை இருக்கின்றன என்பது, நிமிடத்துக்கு எத்தனை வருகின்றன என்பதை ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதால் பெருக்கினால் வருவது. பச்சைப்பிள்ளைக்கும் புரியும், நிரூபிப்பதுதான் கஷ்டம். இதை வரிசைக்குத்தான் எல்லோரும் பயன்படுத்துவார்கள். எனக்கு இது குளிர்சாதனப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல். பத்து கிலோ கறி இருப்பு. ஒரு நாளைக்குப் பத்து கிலோ விற்கும் கடையில் கறியின் வயது ஒரு நாள். இரண்டு கிலோ விற்கும் கடையில் ஐந்து நாள். ஒரு நாளைக்கு 80 தட்டு போகும் ஓட்டல் 160 அயிட்டம் வைத்திருந்தால், ஒவ்வொரு அயிட்டமும் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் கேட்கப்படும். கேட்கும்வரை அது எங்கேயோ காத்திருக்க வேண்டுமே? நடுவில் சில்லென்று இருந்ததன் ஜாதகம் அதுதான்.

மலையிறங்கும்போது நாலு வேளை பாக்கி. கோடு 67, கையில் 66. ஒரு மார்க்கில் புதுக் கடைக்கு உத்தரவு.

குகைப் பக்கம் ஒரு மெஸ் வாசலில் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எதிரே இன்னொரு கடை காலி. கூட்டத்தோடு சேர்வதா? அபிஜித் பானர்ஜி, 2019இல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இப்படி இரண்டு உணவகங்கள்தான் உதாரணம். பக்கத்துப் பக்கத்தில் அ, ஆ என்று இரண்டு கடை. நூறு பேரில் 99 பேருக்கு 'ஆ' நல்லது என்று தனித்தனியே தகவல். ஒருவருக்கு மட்டும் 'அ'. ஊர்ப்பேச்சோ இம்மி அளவு 'அ' பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த ஒருவர் முதலில் வந்து 'அ'வுக்குள் போய்விட்டால், இரண்டாமவர் தன் தகவலையும் அவர் போனதையும் எடை போட்டு இரண்டும் கழிந்துவிட, ஊர்ப்பேச்சை நம்பி 'அ'வுக்கே போகிறார். மூன்றாமவரும் அப்படியே. கடைசியில் நூறு பேரும் மோசமான கடையில். யாரும் முட்டாள் இல்லை, எல்லோரும் யோசித்துத்தான் போனார்கள்.

அதனால் வரிசையின் நீளத்தைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். வரிசையில் இருப்பவர்களின் கையைப் பார்க்கிறேன். பதினெட்டில் ஐந்து பேர் தூக்குப்போசியோடு நின்றார்கள். தூக்குப்போசி கொண்டுவந்தவர் கூட்டத்தைப் பார்த்து நின்றவராக இருக்க முடியாது. அவர் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பியவர், போன வாரமும் வந்தவர். ஐந்து தூக்குப்போசி என்றால் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடிக்காத ஐந்து ஓட்டு.

நேரக் கணக்கு லிட்டில் பார்த்துக்கொண்டார். உள்ளே நாற்பது இருக்கை, ஆள் ஒன்றுக்கு இருபது நிமிடம், ஆக நிமிடத்துக்கு இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். பதினெட்டுப் பேருக்கு ஒன்பது நிமிடம். பதினொரு நிமிடம் ஆனது, ஒருவர் கை கழுவும் இடத்தில் போனில் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். சுவரில் எழுதியிருந்த அயிட்டம் மொத்தம் எட்டு, அதிலும் இரண்டில் சாக்பீஸ் கோடு இழுத்து 'தீர்ந்தது' என்று போட்டிருந்தது. தீர்ந்தது என்று போட்ட கடையில் பழையது இருக்காது. தோசை, குடல் குழம்பு. நோட்டில் 84.

மூன்று வேளை பாக்கி, கோடு 63. இனித் தேட வேண்டாம், மூன்று வேளையும் இங்கேயே என்றேன் கம்பீரமாக. கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "காலைல கிடையாதுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட கடை லீவுங்க." ஃபெய்ன்மன் கணக்கில் கடைகளுக்கு விடுமுறை கிடையாது.

ஞாயிறு காலை மறுபடி பொங்கல் கடை, மத்தியானம் மெஸ். ராத்திரி ஒரே வேளை பாக்கி, கோடு 50. எதிர்க் கடையைப் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. 66 கையில் இருக்கும்போது கூடாது என்று நான் பிடிவாதமாகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். வழியில் ஒரு தட்டுவடை செட் வண்டி. அந்த மனிதர் தட்டுவடை மேல் பச்சைச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அள்ளி வைத்து, சிவப்புச் சட்னி தடவிய இன்னொன்றால் மூடும் வேகத்தைப் பார்த்து மருமகள் நின்றுவிட்டாள். இரண்டு செட் தின்றாள், பிறகு ஒரு நொறுக்கல் கேட்டாள். தங்கையும் ஒன்று, நானும் ஒன்று. மாப்பிள்ளை மூன்றாவது செட்டை வாங்கும்போது, இனி டிபன் கடைக்குப் போனால் ஆளுக்கொரு காபிதான் என்று தெரிந்துவிட்டது.

"இதுக்கு எத்தனை மார்க்?" என்றேன்.

நோட்டு பையில் இருந்தது. வாய் நிறைய நொறுக்கல். சட்னி ஒட்டிய ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் மாமா என்று காட்டினாள்.