பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஐடி எப்படிப் பறிபோனது?

அக்கா மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தோடு தன் சேமிப்பையும் போட்டு 4,500 ரூபாய்க்கு ஒரு ‘ஐடி’ வாங்கினான். ஐடி என்றால், கைபேசியில் ஆடும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் கணக்கு. யாரோ இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து ஆடி, உயர்ந்த ரேங்க்கும் லேசில் கிடைக்காத துப்பாக்கி ஸ்கின்களும் (துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள்) சேர்த்து வைத்தது. விற்றவன் யாரென்றே தெரியாது. ஏதோ ஒரு குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தான். “ஃபுல் சேஃப் ப்ரோ, ஃபுல் ஆக்சஸ் தரேன்” என்றான். யுபிஐயில் பணம் போனது, மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் வந்தன.

பையன் அப்படியொன்றும் ஏமாளி இல்லை. உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினான். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண் இருந்த இடத்தில் பழைய எண்ணைத் தூக்கிவிட்டுத் தன் எண்ணைப் போட்டான். மூன்று நாள் சோறு தண்ணி மறந்து ஆடினான். நான்காம் நாள் இரவு, ஆட்டத்தின் நடுவில் வெளியே தள்ளப்பட்டான். திரும்ப நுழையப் பார்த்தால் பாஸ்வேர்ட் தவறு என்கிறது. விற்றவனுக்குச் செய்தி அனுப்பினால், அவன் ஏற்கெனவே பிளாக் செய்துவிட்டுப் போயிருந்தான்.

“மாமா, புது பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தானே தெரியும்? அவன் எப்படி உள்ள போனான்?”

அக்கா திட்டவேண்டியதை எல்லாம் திட்டி முடித்திருந்ததால், எனக்கு இந்தக் கேள்வி மட்டும்தான் மிச்சம். உண்மையில் நல்ல கேள்வி.

முதலில், அவன் வாங்கியது என்ன? கணக்கு என்பது அவன் போனில் இல்லை. விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில், பல கோடி வரிசைகள் கொண்ட ஒரு அட்டவணையில் ஒரே ஒரு வரிசை அது. இந்த எண்ணுக்கு உரியவர், இந்த ரேங்க், இந்த ஸ்கின்கள், இத்தனை நாணயம் என்று அதில் எழுதியிருக்கும். ‘கூகுள் வழியாக நுழை’ என்ற பொத்தானை அழுத்தி ஆடுகிறவர்களுடைய பாஸ்வேர்டு அந்த நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது. கூகுள் உங்களைச் சோதித்துவிட்டு, ‘இவர் இன்னார்’ என்று ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கையொப்பமிட்டு அனுப்புகிறது. விளையாட்டு சர்வர் அந்த எண்ணைப் பார்த்து உரிய வரிசையைத் திறந்துவிடுகிறது. ஆக, கூகுள் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அந்த வரிசையும்.

சரி, பையனுக்கு வந்த அந்தக் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றியாகிவிட்டால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. மீட்பு எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ நீங்கள் மாற்றினாலும், அதற்குப் பிறகு 7 நாள் வரை பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கிறது. காரணம் நியாயமானதுதான். நாளைக்கு உங்கள் கணக்கை ஒரு திருடன் பிடித்துவிட்டால் அவன் முதலில் செய்யப்போவது பாஸ்வேர்டை மாற்றுவது, அடுத்தது மீட்பு எண்ணை மாற்றுவது. அந்த நொடியே பழைய எண் செல்லாது என்று ஆகிவிட்டால் உங்களுக்கு வேறு கதியே இல்லை. அந்த 7 நாள் உங்களுக்காக விட்டுவைத்த பின்வாசல்.

இப்போது சர்வரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கணக்கு மூன்று வருடமாக ஒரே ஊரில், ஒன்றிரண்டு போன்களில் திறக்கப்பட்டு வந்திருக்கிறது. திடீரென்று ஒரு நாள் வேறு ஊரில், புதிய போனில் திறக்கிறது. பத்து நிமிடத்துக்குள் பாஸ்வேர்ட் மாறுகிறது, மீட்பு எண் மாறுகிறது. நான்கு நாள் கழித்து, பழைய ஊரிலிருந்து, பழைய போனிலிருந்து, பழைய எண்ணோடு ஒருவன் வந்து, “ஐயோ, என் கணக்கு போச்சு” என்கிறான். நீங்கள் யாரை நம்புவீர்கள்? காசு கொடுத்து வாங்கியவன் அச்சு அசல் திருடனைப் போலத் தெரிகிறான். ஏமாற்றி விற்றவன் பறிகொடுத்தவனைப் போலத் தெரிகிறான். சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை. செய்யவேண்டிய வேலையைத்தான் அது சரியாகச் செய்திருக்கிறது.

7 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் முழுப் பதில் இல்லை. விளையாட்டு நிறுவனங்களின் உதவி மையங்கள் தனியாக ஒரு விசாரணை வைத்திருக்கின்றன. கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது, முதலில் எந்த மின்னஞ்சல், முதன்முதலில் காசு கட்டி வாங்கிய பொருளின் ரசீது எண் என்ன, இப்படியெல்லாம் கேட்பார்கள். எல்லாமே பழைய சங்கதிகள். அவற்றுக்குப் பதில் தெரிந்தவன் கணக்கைத் தொடங்கியவன் ஒருவன்தான். நம் ஊரில் மனை வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். இங்கே மூலப்பத்திரம் விற்றவனின் தலைக்குள்ளும் அவன் மின்னஞ்சல் பெட்டியிலும் இருக்கிறது. பெயர் மாற்றிக் கொடுக்க ஒரு சார்பதிவாளர் அலுவலகமும் கிடையாது.

மாட்டை விற்றால் மாடு தொழுவத்தை விட்டுப் போய்விடும். ஐடி விற்பவன் கைமாற்றுவது தனக்குத் தெரிந்த விஷயத்தை. சொன்ன பிறகும் அது அவனுக்குத் தெரியும்.

நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கிட்டத்தட்ட தொட்டுக் காட்டியிருக்கிறது. 2007இல் அங்கே ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் 13 வயதுப் பையன் ஒருவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும், இரண்டு பையன்கள் அவனை அடித்துக் கத்தியைக் காட்டி மிரட்டித் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். நிஜத்தில் இல்லாத தாயத்தைத் திருட முடியுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரி 31 அன்று, திருட்டுதான் என்று தீர்ப்பு வந்தது. பையன் அதற்காக நேரமும் உழைப்பும் போட்டிருக்கிறான். அதைவிட முக்கியமாக, தாயத்து அவன் ஒருவனுடைய பிடியில் இருந்தது, மற்றவர்கள் எடுத்துக்கொண்டதும் அந்தப் பிடி போய்விட்டது. விளையாட்டுக்குள் இருக்கும் தாயத்துக்குக்கூட இந்த ஒற்றைப் பிடி உண்டு. பாஸ்வேர்டுக்குக் கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் வியாபாரம் நடக்கிறதே, எப்படி? ‘யார் முதலில்’ என்ற பேரத்தில்தான் எல்லாம் தொடங்கும். பணம் முதலில் என்பான் விற்பவன், ஐடி முதலில் என்பான் வாங்குபவன். இது வெறும் அவநம்பிக்கை இல்லை, கணினியியலில் முறையாக ஆராயப்பட்ட புதிர். இருவருக்கும் பொதுவான நம்பகமான மூன்றாவது ஆள் இல்லாமல் முழு நியாயமான பரிமாற்றத்தை எந்தச் செய்திப் பரிமாற்ற முறையாலும் உறுதிசெய்ய முடியாது என்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஹென்னிங் பாக்னியாவும் ஃபெலிக்ஸ் கார்ட்னரும் 1999இல் நிறுவினார்கள். உள்ளே இருக்கும் கருத்து எளிது. எத்தனை செய்தி பரிமாறினாலும், ஏதோ ஒரு செய்தி வந்து சேரும்போது ஒருவருக்கு வேண்டியது கைக்கு வந்துவிடும், மற்றவருக்கு இன்னும் வந்திருக்காது. அந்த இடத்தில் கிடைத்தவர் எழுந்து போய்விடலாம். பணத்தை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. ஐடியைக் கால்வாசி, அரைவாசி என்று பிரித்துக் கொடுக்க முடியாதே!

அதனால்தான் எல்லாக் குழுக்களிலும் ‘மிடில்மேன்’ இருக்கிறார். பணத்தையும் ஐடியையும் வாங்கி வைத்து, சரிபார்த்துக் கைமாற்றி விடுவார், கமிஷன் எடுத்துக்கொள்வார். தீர்வு சரிதான், ஆனால் மோசடியும் அந்தத் தீர்வையே தொற்றிக்கொண்டது. நம்பகமான மிடில்மேனின் படத்தை எடுத்துப் போட்டு, பெயரில் ஒரே எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். ஆங்கிலத்தின் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் பல எழுத்துருக்களில் ஒரே செங்குத்துக் கோடுதான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. “ட்ரஸ்டட் ப்ரோ”, “நானும் வாங்கினேன், ஜென்யூன்” என்று கீழே சான்று சொல்லும் பத்துப் பேரும் ஒரே ஆளின் பத்துக் கணக்குகளாக இருக்கலாம். உண்மையான மிடில்மேனே வந்தாலும் அவர் அன்றைய கைமாற்றத்துக்குத்தான் பொறுப்பு. நான்காம் நாள் நடப்பதற்கு அவர் என்ன செய்வார்?

இன்னொன்று, விற்பனைக்கு வரும் சரக்கின் தரம். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் போன சிந்தனை அது. நல்ல ஐடி 8,000 ரூபாய் பெறும், திருட்டு ஐடி ஒன்றுக்கும் உதவாது என்று வையுங்கள். வாங்குபவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. பயந்துகொண்டு 4,000 தருகிறேன் என்பார். அந்த விலைக்கு நல்ல ஐடி வைத்திருப்பவர் விற்கமாட்டார், ஒதுங்கிவிடுவார். மிச்சமிருப்பதில் கெட்டது அதிகமாகும், விலை இன்னும் இறங்கும், இன்னும் சில நல்லவர்கள் விலகுவார்கள். கடைசியில் சந்தையில் நிற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாம் மகிழ்கிற விலை, இப்படி இறங்கி இறங்கி வந்த விலையாக இருக்கலாம்.

அந்தக் கெட்ட சரக்கு எங்கிருந்து வருகிறது? கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் தானே வெளிப்படையாக எழுதியது. அதற்கு மேல், திருட்டுக் கிரெடிட் கார்டுகள். 2018இல் க்ரோம்டெக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பூட்டாமல் கிடந்த ஒரு தரவுத்தளத்தைக் கண்டுபிடித்தது. திருடிய கார்டுகளை வைத்து, ‘கிளாஷ் ஆஃப் க்ளான்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் தானியங்கியாகக் கணக்குகள் உருவாக்கி, உள்ளே பொருள் வாங்கி, வெளியே விற்றுக் காசாக்கிக்கொண்டிருந்த கும்பலின் பேரேடு அது. 2019 அக்டோபரில் வால்வ், தன் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் பரிசுப் பெட்டி திறக்கப் புதிதாக வாங்கும் சாவிகளை ஒருவர் மற்றவருக்கு மாற்றுவதையே நிறுத்தியது. கைமாறும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடியில் வந்தவை என்று அது சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது. கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பப் போகும், நிறுவனம் அந்தக் கணக்கை முடக்கும். அப்போது அது யார் கையில் இருக்கிறதோ, அவர் தலையில்தான் விடியும். நிறுவனத்திடம் போய் “நான் காசு கொடுத்து வாங்கினேன்” என்று சொல்லவும் முடியாது. கணக்கை விற்பதோ வாங்குவதோ கூடாது என்று பெரும்பாலான விளையாட்டுகளின் விதிமுறைகளில் இருக்கிறது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாமே படிக்காமல் அழுத்திய பக்கம்தான்.

இதுவரை சொன்னதில் போவது 4,500 ரூபாய். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, பையன்களிடம் நான் அழுத்திச் சொல்வதும் இதைத்தான். ஐபோனில் ஆடுகிறவரிடம் சிலர், “என் ஐகிளவுட்டை செட்டிங்ஸில் போட்டுக்கோ, கேம் தானா வந்துரும்” என்பார்கள். ஐகிளவுட் என்பது ஐபோனோடு இணைக்கும் ஆப்பிள் கணக்கு. அப்படிப் போட்ட நொடியில் உங்கள் போன், அந்த அந்நியருடைய போன்களின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. தொலைந்த போனைத் தேடுவதற்கான வசதியைத் திறந்து, ‘இது தொலைந்துவிட்டது’ என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால், உங்கள் கையில் இருக்கும் உங்கள் போன் பூட்டிக்கொள்ளும். திரையில் அவர் எழுதிய செய்தி வரும், பெரும்பாலும் பணம் கேட்டு. போனை அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும் அதே ஐகிளவுட்டின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்கு வழியாகத் தொலைவிலிருந்தே போனைப் பூட்டவும் உள்ளடக்கத்தை அழிக்கவும் வசதி உண்டு. நீங்கள் புதிதாகச் சேமிக்கும் தொடர்பு எண்கள் அந்தக் கணக்கில் போய் உட்காரவும் கூடும். விற்பவர் பக்கம் மட்டும் பத்திரம் என்று நினைக்கவேண்டாம். விளையாட்டோடு இணைத்த சொந்த ஃபேஸ்புக் கணக்கைக் கொடுத்தவரின் பெயரில், “அவசரமா ரெண்டாயிரம் அனுப்ப முடியுமா” என்று அவருடைய சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி போகலாம்.

பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. பையன் நான்கு நாள் ஆடிக்கொண்டிருந்தான், பிறகு இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தான். நாங்கள் அழைத்தபோது பணம் வேறு இரண்டு கணக்கு தாண்டிப் போயிருந்தது.

போன வாரம் அவன் போனை என் முன்னால் நீட்டினான். வேறொரு குழு, வேறு பெயர், அதே ஐடி. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த கடைசிப் பத்து ஆட்டங்களில் ஏழு அவன் ஆடியவை. “இது நான் ஜெயிச்சது மாமா, இதுவும் நான்தான்” என்று விரலை வைத்துக் காட்டினான். அவன் ஏற்றிவிட்ட ரேங்க்கையும் சேர்த்து, விலை 5,000 என்று போட்டிருந்தது.