ஓபர்பூர்கர்மைஸ்டர்: மேயரா, நகரத் தந்தையா, முதல்வரா?

2023 மார்ச்சில் பிராங்க்பர்ட் மக்கள் வாக்களித்து நிரப்பிய நகரத் தலைமைப் பதவிக்கு ஜெர்மன் மொழியில் ஓபர்பூர்கர்மைஸ்டர் என்று பெயர். வாயில் நுழைய அடம்பிடிக்கும் சொல். அந்த ஊர்க்காரர்களே ‘ஓ-பே’ என்று சுருக்கிக்கொள்கிறார்கள்.

‘ஓபர்’ என்றால் மேல், தலைமை. (உணவகத்தில் பரிமாறுபவரைப் பழைய பாணியில் ‘ஹெர் ஓபர்’ என்று கூப்பிடுவதும் இதே சொல்தான்.) ‘பூர்கர்’ என்றால் குடிமகன். அதன் வேர் ‘பூர்க்’, அதாவது கோட்டை. ஹாம்பர்க்கின் வாலில் இருப்பதும் அதுவே. மதிலுக்குள் வாழும் உரிமை பெற்றவர் பூர்கர். ‘மைஸ்டர்’ லத்தீன் ‘மகிஸ்தெர்’ தந்த சொல். ஆசான், தலைவர் என்று பொருள்.

நாம் சொல்லும் ‘மேயர்’ லத்தீன் ‘மாயோர்’, அதாவது ‘இன்னும் பெரியவர்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாநகராட்சியை அமைத்தபோது இங்கே இறங்கியது. மகிஸ்தெர், மாயோர் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால் மைஸ்டரும் மேயரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஜெர்மனியிலும் மாயோர் உண்டு, ஆனால் பதவியாக இல்லை. பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் ‘மையர்’ ஆனார். இன்று அது தெருவுக்குத் தெரு கேட்கும் குடும்பப் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நகரபிதா’வைத் தமிழாக்கி ‘நகரத் தந்தை’ என்று எழுதுபவர்கள் உண்டு. 2015-இல் கொலோன் நகரில் ஹென்ரியட்டே ரேக்கர் போட்டியிட்டார். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் கத்தியால் குத்தப்பட்டு, மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தபோதே வென்று, அந்நகரின் முதல் பெண் தலைவரானார். அவரை எப்படித் தந்தை என்பது? ஜெர்மன் மொழியில் சொல்லின் கடைசியில் ‘இன்’ சேர்த்தால் பெண்பால் வந்துவிடும். தந்தையோடு எதைச் சேர்த்தாலும் ஒட்டாது.

இலங்கைத் தமிழர் ‘மாநகர முதல்வர்’ என்கிறார்கள். அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு ‘முதல்வர்’ என்றதும் கோட்டையில் இருந்து மாநிலத்தை ஆளும் முதலமைச்சர்தான் நினைவுக்கு வருவார். ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும் மட்டும் அந்தக் குழப்பமும் பொருத்தமாகிவிடுகிறது. அவை நகரமாகவும் மாநிலமாகவும் இருப்பவை. அங்கே தலைவரை மக்கள் நேரடியாக அல்ல, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. ஹாம்பர்க்கில் பதவியின் பெயரே ‘எர்ஸ்டர் பூர்கர்மைஸ்டர்’. ‘எர்ஸ்டர்’ என்றால் முதலாமவர்.

பிராங்க்பர்ட், கொலோன் போன்ற நகரங்களுக்கு ‘மாநகரத் தலைவர்’ என்பதே என் தேர்வு. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். அங்கே நேரடித் தேர்தல். பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறு வாக்கெடுப்பு. 2023-இல் பிராங்க்பர்ட்டில் 20 பேர் போட்டியிட்டார்கள். முதல் சுற்றில் ஊவே பெக்கர் முந்தினார். இரண்டாம் சுற்றில் மைக் யோசெஃப் சுமார் 51.7 சதவீதம் பெற்று வென்றார்.

மொழிபெயர்ப்பவர்கள் ‘ஓபர்’ என்ற முன்னொட்டை மட்டும் தொலைத்துவிடக் கூடாது. பிராங்க்பர்ட்டில் ஓபர் இல்லாத வெறும் பூர்கர்மைஸ்டர் என்பவர் துணைத் தலைவர். 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்துப் பழைய தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியபின், புதியவர் பொறுப்பேற்கும்வரை நகரைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பதவியில் இருந்த பெண்மணிதான்.