பெற்றோர் பேசும் ஐந்து நிமிடம்

"உங்கள் மகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். எப்படிப்பட்ட பிள்ளை, உங்களோடு எப்படிப் பழகுவாள், எது தோன்றினாலும் சரி. நான் குறுக்கிட மாட்டேன்." உணவுக் கோளாறுள்ள வளரிளம் பிள்ளைகளின் பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பேச்சைப் பதிவுசெய்து, பயிற்சி பெற்றவர் பிறகு கேட்டு மதிப்பிடுவார்.

நோயாளியைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தாரிடம் தெரியும் உணர்வை அளப்பதால் 'வெளிப்படும் உணர்ச்சி' எனப்படும் இந்த அளவீட்டின் வேர் லண்டனில் இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகள் வீடு திரும்பியபின் சிலருக்கு மட்டும் நோய் ஏன் திரும்புகிறது என்று ஜார்ஜ் பிரௌன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதிலிருந்து பிறந்த, குடும்பத்தாரிடம் நடத்தும் கேம்பர்வெல் நேர்காணல் குறைகூறல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு, பரிவு, பாராட்டு என ஐந்தைப் பார்க்கும். அது நீளமானது என்பதால்தான் 1980களில் ஐந்து நிமிடப் பேச்சு வந்தது. வினாத்தாள்களும் உண்டு. ஆனால் "இன்னும் சாப்பிடலையா?" என்பது கவலையா, குத்தலா என்று குரல்தான் சொல்லும், தாள் சொல்லாது.

அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் நோய், உள்ள பிள்ளைகளின் வீடுகளில் குறைகூறல் பொதுவாகக் குறைவே. ஆனால் அந்தக் கொஞ்சமும் சிகிச்சையைப் பாதிக்கிறது. தாயின் குறைகூறல் கூடுதலாக இருந்த குடும்பங்களில், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதைவிடப் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்தித்தது நல்ல பலன் தந்ததாக 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாங்கள் அளப்பதும் இதற்காகத்தான்: யாரை யாரோடு உட்காரவைப்பது என்று முடிவெடுக்க. நோய்க்கு யார் காரணம் என்று தேட அல்ல. பட்டினியும் ஒளித்துவைத்த உணவும் எந்தப் பெற்றோரின் பொறுமையையும் தின்றுவிடும். "வேண்டுமென்றே செய்கிறாள்" என்று நினைப்பவர்தான் அதிகம் கடிந்துகொள்கிறார். அதைச் செய்யவைப்பது நோய் என்று புரியும்போது குரல் தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

'அளவுமீறிய ஈடுபாடு' என்ற பகுதியோடுதான் எனக்குச் சண்டை. பெரியவர்களான நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்து உருவான அளவுகோல் இது. முப்பது வயது மகனுக்கு ஊட்டிவிடும் தாயை அது சரியாகவே பிடிக்கும். பதினான்கு வயதில் எடை சரிந்துகொண்டிருக்கும் மகளின் பக்கத்தில் ஒவ்வொரு வேளையும் உட்காரும் தாயை? குடும்பம் சார்ந்த சிகிச்சை அவரிடம் கேட்பதே அதைத்தானே! அதனால் இந்த மதிப்பெண் கூடுதலாக வந்தால், அவர் செய்வது நோய்க்கு எதிரான வேலையா, பயத்தில் தன்னையே கரைத்துக்கொள்வதா என்று தனியே விசாரிப்பேன்.

"எங்களுக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் பெற்றோரிடம் எண்ணைச் சொல்வதில்லை. மறுமுறை அளக்கும்போது, குறைகூறல் குறைந்ததா என்பதோடு பரிவு கூடியதா என்றும் பார்க்கிறேன். நோயைத் தவிர மகளைப் பற்றிச் சொல்ல வேறு ஏதாவது அவர்களுக்கு இருக்கிறதா என்று.