பழைய கார் வழியில் நின்றால் அலாரத்தையும் ஸ்டீரியோவையும் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார் வாங்குகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், கியர் போட்டுப் பார்ப்பார்கள், குனிந்து டயரைத் தடவுவார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். சாட்ஸ்வொர்த்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக நான் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. கம்பெனி போட்ட ஒயரிங் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதை வெட்டி யாரோ அலாரம் மாட்டியிருப்பார்கள், அப்புறம் வேறு யாரோ ஸ்டீரியோ மாட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுகள்தான் கெடுகின்றன.

ஒரு தம்பி டொயோட்டா டாஸ் கொண்டுவந்தார். 2006 வரை இங்கே ப்ராஸ்பெக்டனில் செய்த வண்டி, எங்கள் தெருக்களில் இன்னும் நிறைய ஓடுகிறது. அவர் தனியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினால் அடுத்த ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) விளக்குக்குள் இஞ்சின் அணைந்துவிடுகிறது. காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். “நிற்கிறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர் மினுக்குதா?” என்று கேட்டேன். “ஆமாண்ணா, எல்லாப் பக்கமும் மினுக்குது” என்றார். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே விரலால் தடவினேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு சுவிட்ச் தட்டுப்பட்டது.

அது ஆன்டி-ஹைஜாக். தென்னாப்பிரிக்காவில் கார் கடத்தல் மிகுந்திருந்த 1990-களிலும் அதற்குப் பிறகும் மாட்டிய பல அலாரங்களில் இந்த வசதி உண்டு. சாவி ஆனில் இருக்கும்போது கதவு திறந்து மூடினால், ஓட்டுநரை இறக்கிவிட்டு வேறு யாரோ ஏறியிருக்கலாம் என்று அலாரம் எடுத்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் மறைவான பொத்தானை அழுத்தாவிட்டால் விளக்குகள் மினுக்கும், பிறகு இஞ்சினை நிறுத்திவிடும். முதல் சொந்தக்காரருக்கு இது தெரியும். மூன்றாவது ஆளுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தத் தம்பி புதுச் சாமான்களுக்குக் கொடுத்த காசு வீண்தான். ஆனால் நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் இஞ்சின் நின்றிருந்தால் காசோடு போயிருக்காது. இஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக் பூஸ்டர் இரண்டொரு மிதிக்குமேல் தாங்காது.

பொத்தான் இல்லாத இம்மொபிலைசரும், அதாவது திருடன் கிளப்ப முடியாதபடி இஞ்சினைத் தடுக்கும் கருவியும், இதே ஆபத்தைச் செய்யும். அது இக்னிஷன், ஸ்டார்ட்டர், ஃபியூயல் பம்ப் போகும் ஒயர்களை வெட்டி நடுவில் ரிலே என்ற மின்சுவிட்சை வைக்கிறது. பத்து, பதினைந்து வருஷத்தில் ரிலேயின் முனைகள் கருகும். அதைவிட மோசம், ஒயரை வெட்டாமல் மேலே கவ்வி அழுத்திய ஸ்காட்ச்லாக் கிளிப். கடலோர ஊரின் ஈரமும் உப்பும் ஏறினால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆகாது, மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும் என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். இந்தக் கிளிப்பை இஞ்சின் ஓடத் தேவையான எந்த ஒயரிலும் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது சரியான கருவியால் அழுத்தி உறை போட வேண்டும்.

நடு இரவில் தானாக அலறும் சைரனுக்குக் காரணம் பெரும்பாலும் அதன் வயிற்றில் இருக்கும் சின்ன பேட்டரி. திருடன் பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் கத்துவதற்காக வைத்தது. அது செத்துக் கசிந்தால் சைரன் குழம்பிவிடும். நிறுத்த ஒரு சின்னச் சாவி இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஸ்டீரியோவுக்கு வருவோம். மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது. பழைய ஃபோக்ஸ்வேகன் பலவற்றில் பிளக்கில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால் ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகும். சிலர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள், பிறகு செட் இரவெல்லாம் விழித்திருக்கும். அதே வண்டிகளில் இஞ்சின் கோளாறு கண்டறியும் கருவிக்கான ஒரு ஒயரும் ரேடியோ பிளக்கில் வரும். வெளியில் வாங்கி மாட்டிய செட் அந்த ஒயரில் குறுக்கிட்டால் கருவி இஞ்சினோடு பேசாது, இஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வார். அந்த வண்டிகளில் ஏரியல் கேபிள் வழியாகச் சின்ன மின்சாரம் கொடுக்க ஒரு அடாப்டரும் தேவைப்படலாம். அது இல்லாமல் லோட்டஸ் எஃப்எம் ரேடியோ கரகரத்தால் செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதிது வாங்குமுன், வண்டி சும்மா நிற்கும்போது போகும் மின்கசிவை அளக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் நடுவே வைத்து, கதவுகளை மூடி அரைமணி விட வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 300 இருந்தால் நாளுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் தாங்காது, மூன்று நாலு நாளிலேயே ஸ்டார்ட்டர் முனகும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் எதில் குறைகிறது என்று தெரியும். எதிலும் குறையவில்லை என்றால் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயரைத் தேடுங்கள், பெரும்பாலும் அது ஆம்ப்ளிஃபையர். பேட்டரி அருகில் அந்த ஒயரில் ஃபியூஸ் இல்லையென்றால் அன்றே போடுங்கள். அது உரசி வண்டியின் இரும்பில் பட்டு எர்த் ஆனால் வண்டி எரியும்.

ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குக்கானவை. வீட்டில் நீங்களே நோண்டும்போது டெஸ்ட் லாம்பை அவற்றில் வைக்கவே வைக்காதீர்கள்.

மால் நிறுத்தத்தில் ரிமோட் சிக்னலை அடைத்துத் திருடுவது இங்கே சகஜம். எந்த அலாரமாக இருந்தாலும் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

வாங்கும்போது இரண்டு ரிமோட்டும், மறைவுப் பொத்தான் எங்கே என்பதும், அலாரத்துக்கு வெசா (வாகனப் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழ் இருந்தால் அதுவும் கேளுங்கள். பழைய அலாரத்தைக் கழற்றுவதென்றால் வெட்டிய ஒயர்களைப் பழையபடி இணைத்ததாகப் பட்டறையில் எழுதி வாங்குங்கள். உங்கள் பாலிசி இம்மொபிலைசர் கட்டாயம் என்றால் கழற்றுமுன் இன்சூரன்ஸ்காரரிடம் பேசுங்கள். வண்டி திருடு போனபிறகு சொன்னால் பணத்தைத் தர மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.