கோடையில் கண் அரிப்பு: மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கும் சொட்டு மருந்து வேண்டாம்

இந்தக் கோடையிலும் ஒரு பையன் வந்துவிட்டான். வயது 12. போர்டு சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி எழுதிக் கொடுங்கள் என்று அப்பா கூட்டி வந்தார். கண் அழுத்தம் 38. 21-ஐத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம். பார்வை நரம்பு நன்றாகவே அரித்துப் போயிருந்தது. என்ன மருந்து போடுகிறீர்கள் என்றதும் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மூடியெல்லாம் அழுக்கேறிய பாட்டில், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்து. "வெயில் வந்தா கண்ணைக் கசக்குவான் டாக்டர். இதை விட்டா ரெண்டே நாள்ல சரியாயிடும்."

சரியாகவில்லை. சிவப்பு போனது, அவ்வளவுதான். கண் வெளுத்துவிட்டால் குணமாகிவிட்டது என்று யார் சொல்லித் தந்தார்களோ! ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறலாம். வலிக்காது, சிவக்காது, குழந்தைக்கும் தெரியாது. போன நரம்பு திரும்பாது. கண்புரையும் வரலாம், அதையாவது ஆபரேஷன் செய்து எடுக்கலாம். நானும் ஸ்டீராய்டு எழுதுகிறேன்தான், ஆனால் சில நாட்களுக்கு, அழுத்தம் பார்த்துக்கொண்டே. ஆன்டிபயாடிக்கோடு கலந்தும் வருவதால் பாட்டிலில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரட்னிசோலோன் என்று இருக்கிறதா பாருங்கள். சீட்டில்லாமல் இவற்றை விற்கவே கூடாது. அண்ணனுக்கு எழுதிய சீட்டைத் தம்பிக்குக் காட்டி வாங்குவதும் நடக்கிறது.

வெயிலில் வரும் இந்த அரிப்பு அலர்ஜி, 'மெட்ராஸ் ஐ' இல்லை. மெட்ராஸ் ஐயில் இமை ஒட்டும், கண் உறுத்தும், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் போய்விடும். அலர்ஜியில் இரண்டு கண்ணும் அரிக்கும், பீளை நூல் நூலாக வரும், ஒவ்வொரு வெயிலுக்கும் திரும்பும். ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். மேல் இமையைப் புரட்டினால் கூழாங்கல் பரப்பியது போல இருக்கும். புரட்டும் வேலையை எங்களிடம் விடுங்கள். சூடு என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள்.

கசக்க விடாதீர்கள். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பு போலப் புடைத்துப் போகலாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஒத்தடம் கொடுங்கள். வெளியே போனால் தொப்பி, கண்ணாடி. டாக்டர் ஒலோபடடின் என்ற அலர்ஜி சொட்டு மருந்து எழுதினால் பொறுமையாகத் தினமும் விடுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை, வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் அன்றே வாருங்கள். கருவிழியில் புண் இருக்கலாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இந்தத் தொல்லை அடங்கிவிடும். அதுவரை பார்வையைக் காப்பாற்றிக் கொடுங்கள், தயவுசெய்து. ஏற்கெனவே ஸ்டீராய்டு மருந்தை விட்டுக்கொண்டிருந்தால் மறைக்க வேண்டாம், திட்ட மாட்டேன். பாட்டிலோடு வந்து கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.