மாட்டு உண்ணியும் குரங்குக் காய்ச்சல் தடுப்பூசியும்

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் மாடு பார்க்கப் போனால் இப்போது இந்தக் கேள்வி வருகிறது: "டாக்டர், உண்ணி வைரஸோட மரபணுவை லேப்ல மாத்துறாங்களாமே, வெளிய வந்துட்டா என்ன பண்றது?" அவர்கள் கேட்பது குரங்குக் காய்ச்சல் வைரஸைப் பற்றி. பயம் நியாயமானதுதான். அந்த வேலை எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த மக்களுக்கும் கடும் காய்ச்சல். இதுதான் குரங்குக் காய்ச்சல்; இதைத் தரும் வைரஸுக்கு அந்தக் காட்டின் பெயரே வந்தது. பரப்பியது காட்டு உண்ணி. பின்னாளில் நீலகிரி, வயநாடு பக்கமும் அதே வைரஸ் தென்பட்டது. காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி இருந்தது: இரண்டு ஊசி, அப்புறம் பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும் ஒன்று. கூலி வேலைக்குப் போகிறவர் இத்தனை முறை வருவாரா? கர்நாடக ஆய்வு ஒன்றில், இரண்டு ஊசி தந்த பாதுகாப்பு சுமார் 62 சதவீதம். பிறகு அதுவும் குறைந்தது. 2022-இல் தயாரிப்பே நின்றுபோனது.

மரபணு ஆய்வு தேவைப்படுவது இதனால்தான். வைரஸின் எந்தப் பகுதி அதை மூர்க்கமாக்குகிறது, எந்தப் பகுதியை நம் உடல் அடையாளம் காண்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல தடுப்பூசி வரும். ஒரு முயற்சியில், அமெரிக்கக் கண்டத்து மாடுகளுக்கு வாய்ப்புண் தரும் வைரஸைப் பலவீனமாக்கி, அதில் கியாசனூர் வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் வைத்தார்கள். முழு கியாசனூர் வைரஸ் உடலுக்குள் போவதே இல்லை. குரங்குகளில் நல்ல பலன் தெரிந்தது. எபோலா தடுப்பூசி ஒன்றும் இதே முறையில் வந்ததுதான். எந்த லேப், என்ன பாதுகாப்பு என்று மக்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

நம் மாவட்டத்தில் என்னைக் கவலைப்படுத்துவது, மாட்டு உண்ணியைப் பிடுங்கி விரல் நகத்தால் நசுக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

புதர், தோப்பு ஓரம் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. டாக்ஸிசைக்ளினில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. முதுமலை, வயநாடு போய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.