எபிடாக்சி: அடியொற்றி வளரும் படிகம்

குறைகடத்திகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே எதிர்ப்படும் சொல் எபிடாக்சி. அவசரத்தில் ‘மேற்பூச்சு’ என்றோ ‘மேற்படலம்’ என்றோ எழுதிவிடத் தோன்றும். இரண்டுமே பொருளின் பாதியை விட்டுவிடுகின்றன. சுவரில் பூசிய சுண்ணாம்புக்கு உள்ளே செங்கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது தெரியாது. அடுத்த வரிசைச் செங்கல்லோ கீழ்வரிசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எபிடாக்சி இரண்டாவது வகை. ஒரு படிகத்தின் முகத்தில் மற்றொரு படிகம், கீழே இருக்கும் அணுக்களின் வரிசையையும் திசையையும் பின்பற்றிக்கொண்டு வளர்வதற்கே அந்தப் பெயர்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘எபி’ என்றால் மேல். ‘டாக்சிஸ்’ என்றால் ஒழுங்கு, வரிசைப்பாடு. சொற்றொடர் அமைப்பைக் குறிக்கும் ‘சின்டாக்ஸ்’ என்பதிலும் இதே டாக்சிஸ்தான் இருக்கிறது.   1928இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் லூயி ரோயே இந்தச் சொல்லை உருவாக்கினார். ஒரு படிகத்தின் மேல் இன்னொன்றை வளர்த்துப் பார்த்து, இரண்டின் அணு இடைவெளிகளும் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தால்தான் மேற்படிகம் கீழ்ப்படிகத்தின் திசையை ஏற்கிறது என்று அவர் விதி வகுத்தார். அந்த எல்லை அவ்வளவு கறாரானதல்ல என்று பின்னால் தெரியவந்தது. நிகழ்வு இந்தப் பெயரைவிடப் பழையது. 1836இலேயே ஃபிராங்கன்ஹைம் என்ற ஜெர்மானியர், கால்சைட் படிகத்தின் மேல் சோடியம் நைட்ரேட் கரைசலிலிருந்து ஒரே திசை நோக்கிப் படிகங்கள் வளர்வதைப் பதிவு செய்திருக்கிறார். பெயர் இல்லாமலே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது இருந்திருக்கிறது.

பொருளை நெருங்கிப் பார்க்க, வெள்ளியின் மேல் வளரும் சிலிக்கானைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வெள்ளிப் படிகத்தை 111 என்று எண்ணிடப்பட்ட தளத்தில் வெட்டினால், அணுக்கள் முக்கோண ஒழுங்கில் நெருங்கி நிற்கும். அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு நடுவே 0.289 நானோமீட்டர். அதன் மேல் சிலிக்கான் ஒரே ஒரு அணுவடுக்காக, அறுகோணத் தேன்கூட்டு வடிவில் படிகிறது. அந்தத் தேன்கூட்டின் அலகுக்கூடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டு, ஏறத்தாழ 0.385 நானோமீட்டர். நேருக்கு நேர் வைத்தால் பொருந்தாது. ஆனால் சிலிக்கானில் மூன்று அடி எடுத்து வைத்தால் 1.155, வெள்ளியில் நான்கு அடி எடுத்து வைத்தால் 1.156. மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று பொருந்தாவிட்டாலும் அடித்தளத்தின் ஒழுங்கு மேலே ஏறிவருகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்த ஒற்றையடுக்குக்குப் பெயர் சிலிசீன். இப்படி ஒரு தாள் இருக்க முடியும் என்று தக்கேடா, ஷிராய்ஷி என்ற ஆய்வாளர்கள் 1994இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். சிலிசீன் என்ற பெயரை குஸ்மான் வெர்ரி, லூ யான் வூன் இருவரும் 2007இல் இட்டார்கள். வெள்ளியின் மேல் அது வளர்ந்ததற்கான வலுவான சான்று, பாட்ரிக் ஃபோக்ட், கி லெ லே ஆகியோரின் குழுவிடமிருந்து 2012இல் வந்தது. கார்பன் அணுக்களின் ஒற்றையடுக்கான கிராஃபீனைப் போல இது தட்டையான தாளல்ல. சிலிக்கான் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு நீளமானது. அதனால் தட்டையாக இருக்க உதவும் பக்கவாட்டுப் பிணைப்பு வலுவிழந்து தாள் மேடுபள்ளமாக நெளிகிறது. வெள்ளியின் மேல் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு கூட்டிலும் 18 சிலிக்கான் அணுக்கள். அவற்றில் ஆறு மட்டும் மேலே துருத்தி நிற்கும். எஸ்.டி.எம். எனப்படும் ஊசிமுனை நுண்ணோக்கியில் அந்த ஆறுதான் தெரியும், மூன்று மூன்றாக, இரண்டு முக்கோணங்களாக. மற்றப் பன்னிரண்டும் படத்தில் தெரியாது. கண்ணுக்குப் படும் ஆறு புள்ளிகளிலிருந்து முழுத் தேன்கூட்டை மீட்டெடுக்கக் கணினிக் கணக்கும் பிற அளவீடுகளும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வளர்க்கும் முறையே பொறுமையைக் கேட்பது. ஒரு சிலிக்கான் துண்டில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றினால் அணுக்கள் ஆவியாகி எதிரே உள்ள வெள்ளியில் சென்று படியும். வெள்ளியை ஏறத்தாழ 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே அணுக்கள் நகர்ந்து இடம் தேட முடியாமல் விழுந்த இடத்திலேயே குவிந்துவிடும். 300 டிகிரியைத் தாண்டினால் அடுக்கே குலைந்துபோகும். இடைப்பட்ட வெப்பத்திலும் சிறிது மாறினால் போதும், அதே வெள்ளியில் வேறு கோணத்தில் திரும்பிய அடுக்குகள் முளைக்கின்றன. வெற்றிடமும் சாதாரண வெற்றிடம் போதாது. டார் என்பது அழுத்தத்தின் ஓர் அலகு; வளிமண்டல அழுத்தம் 760 டார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் அழுத்தத்தில் மிச்சமிருக்கும் வாயுவே ஒரு நொடியில் பரப்பு முழுவதையும் மூடிவிடப் போதுமானது. அதையும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரத் தூய்மையில்தான் வேலை நடக்கிறது.

அடித்தளம் ஒழுங்கைக் கொடுப்பதோடு நிற்பதில்லை, குணத்தையும் மாற்றுகிறது. தனித்து நிற்கும் சிலிசீனில் எலெக்ட்ரான்கள் நிறையற்றவை போல ஓடும் என்பது கணிப்பு. வெள்ளியின் மேல் அந்தத் தன்மை தப்பிப் பிழைப்பதில்லை, வெள்ளியின் எலெக்ட்ரான்களோடு அது கலந்துவிடுகிறது என்று 2013இலேயே ஆய்வுகள் காட்டின. 2015இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் டெஜி அகின்வாண்டேயின் குழுவும் இத்தாலியின் அலெஸாண்ட்ரோ மோல்லேயும் சேர்ந்து சிலிசீனில் ஒரு டிரான்சிஸ்டரைச் செய்து காட்டினார்கள். காற்றுப் பட்டதும் சில நிமிடங்களே தாங்கியது. என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை; அடித்தளத்தோடு ஒட்டிப் பிறந்த ஒன்றை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று அது காட்டியது.

தொழிற்சாலையில் எபிடாக்சி இவ்வளவு அபூர்வமானதல்ல. 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் எபிடாக்சி டிரான்சிஸ்டரை அறிவித்ததிலிருந்து, சிலிக்கான் வில்லையின் மேல் சிலிக்கானையே வளர்ப்பது அன்றாட வேலை. பொருள் மாறினால் சிக்கல் வரும். ஜெர்மானியம் என்ற தனிமத்தின் அணு இடைவெளி சிலிக்கானைவிட 4.2 விழுக்காடு பெரிது. அதனால் சிலிக்கான் மேல் சில அடுக்குகள் ஒழுங்காகப் படிந்த பிறகு இறுக்கம் தாங்காமல் சின்னஞ்சிறு தீவுகளாகக் குவிகிறது.

இனி தமிழ்ச்சொல். ‘எபி’ மட்டும் வந்தால் போதாது, ‘டாக்சிஸ்’ வந்தாக வேண்டும். நான் முன்வைப்பது ‘அடியொற்று வளர்ச்சி’. குருவை அடியொற்றி நடந்தான் என்கிறோம். முன்னவர் கால் வைத்த இடத்தில் தன் காலை வைத்துப் போவதே அடியொற்றுதல். அடி என்பதற்குக் காலடி, கீழ்ப்பகுதி என்ற இரண்டு பொருளும் உண்டு. அறிவியலுக்கு இரண்டுமே வேண்டும். ‘ஒற்று’ ஒழுங்கைக் கொண்டுவருகிறது. ‘வளர்ச்சி’ படிகத்தைக் கொண்டுவருகிறது.

இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதில் வரும். எபிடாக்சியல் படலத்தை ‘அடியொற்று படலம்’ எனலாம். வினைத்தொகை என்பதால் நடுவே வல்லினம் மிகாது. சிலிக்கான் மேல் சிலிக்கான் வளர்வது ஓரின அடியொற்று வளர்ச்சி. வெள்ளி மேல் சிலிக்கான் வேற்றின அடியொற்று வளர்ச்சி. வெற்றிடத்தில் அணுக்கற்றையைப் பாய்ச்சிச் செய்யும் முறை மூலக்கூற்றுக் கற்றை அடியொற்று வளர்ச்சி. கடைசிச் சொல் நீளம்தான், ஆங்கிலத்திலும் அது நீளமாக இருப்பதால்தானே எம்.பி.இ. என்று சுருக்குகிறார்கள். ஜப்பானின் அத்சுஷி கோமா 1984இல் முன்வைத்த வான் டெர் வால்ஸ் எபிடாக்சிக்கும் இந்தச் சொல் தாங்கும். அங்கே அடுக்குகளுக்கு நடுவே வலுவான பிணைப்பு இல்லை, அணு இடைவெளிகள் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் மேலே வளரும் படிகம் கீழே இருப்பதன் திசையையே நோக்கித் திரும்பி நிற்கிறது.